எல்லாப் பெட்டியும் வேடந்தாங்கலுக்கு

“வேடந்தாங்கல்ல எவன்யா படகு வெச்சிகினு கீறான்? கொக்கு ஓட்டப் போவுதா, நாரை ஓட்டப் போவுதா?”

ரஹீம் பாய் ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்திருந்தார். அப்படியும் அந்தக் குரல் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. பேசியவர் சதுரங்கப்பட்டினத்து மீனவர். கோட்டைக்குப் பக்கத்தில் வீடு. முந்தின நாள் செங்கல்பட்டில் எங்கள் பார்சல் ஆபீஸுக்கு வந்து இரண்டு பெட்டி போட்டுவிட்டுப் போயிருந்தார். ஒன்றில் படகு இன்ஜின். மற்றதில் அதற்கு மாட்டவேண்டிய உதிரிப் பாகங்கள். இன்ஜின் சமர்த்தாகச் சதுரங்கப்பட்டினம் போய்ச் சேர்ந்துவிட்டது. உதிரிப் பாகங்களோ வேடந்தாங்கலில் இறங்கி, ஏரிக்கரை டீக்கடை வாசலில் உட்கார்ந்து பறவை பார்த்துக்கொண்டிருந்தன.

“நாளைக்குக் காலைல உங்க வூட்டு வாசல்ல இருக்கும்ணே. என் பொறுப்பு” என்று சொல்லி பாய் ரிசீவரை வைத்தார். அவர்தான் முதலாளி. சத்தம் போடுகிற ஆள் கிடையாது. கவுண்டரில் உட்கார்ந்திருந்த சகுந்தலா அக்காவைத் திரும்பிப் பார்த்தார்.

“சகுந்தலாம்மா, மூணு வருஷத்துல ஒரு பெட்டி மாறல உங்க கைல. இந்தப் பத்து நாள்ல இது நாலாவது. உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் கீறேன் பாய்.”

“சனிக்கிழம வரைக்கும் பாக்குறேன். இன்னொண்ணு மாறிச்சின்னா அந்தச் சீட்டுல வேற ஆள உக்கார வைக்கிறதத் தவிர எனக்கு வழியில்ல. கோவிச்சுக்காதீங்க.”

அக்கா அடுத்து நின்றவரிடம் “எந்த ஊருக்குப் போவணும்?” என்று கேட்டார். குரலில் ஒரு பிசிறு இல்லை.

மூலையில் ஒரு வயரைக் கையில் வைத்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். அந்த நேரத்தில் எனக்குள் ஓடியது என்ன தெரியுமா? ‘அப்பாடா, தப்பு நம் புரோகிராமில் இல்லை.’ வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும்.

வாத்தியார் ஆன கதை

அதற்குச் சில வருடங்களுக்கு முன்னால், தொண்ணூறுகளின் பிற்பாதியில், செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்வீட் கடை மாடியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். கீழே ஜாங்கிரி பொரிக்கிற நெய் வாசனை, மேலே நாலு கம்ப்யூட்டர், எட்டு மாணவர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று எங்கள் முதலாளி சட்டம் போட்டிருந்தார். கம்ப்யூட்டருக்கு மரியாதை.

அங்கே வந்துதான் ரஹீம் பாய் என்னைப் பிடித்தார். ரயில்வே லைனை ஒட்டி அவருடைய பார்சல் ஆபீஸ். இரண்டு சின்ன லாரி, பதினாலு ஊர். கையால் சீட்டு எழுதி, அது ஈரம் பட்டு யாரும் படிக்க முடியாமல் போய், தினம் ஒரு பஞ்சாயத்து.

“தம்பி, கம்ப்யூட்டர்ல சீட்டு வரணும். பேஜாரு இல்லாம வரணும். அவ்ளோதான்” என்றார்.

எங்கேயோ ஓர் ஆபீஸில் கழித்துப்போட்ட ஒரு பெரிய கம்ப்யூட்டரையும் இரண்டு பச்சைத் திரை டெர்மினல்களையும் அவரே வாங்கி வைத்திருந்தார். டெர்மினல் என்றால் வேறொன்றுமில்லை, ஒரு திரை, ஒரு கீபோர்டு. மூளையெல்லாம் உள்ளறையில் இருக்கிற பெரிய கம்ப்யூட்டரில். அதில் நான் லினக்ஸ் போட்டேன். முப்பது சொச்சம் ஃபிளாப்பி. இருபத்தி மூன்றாவது ஃபிளாப்பி படிக்காது. அதை மறுபடி எழுதிக்கொண்டு வர மெட்ராஸுக்கு மூன்று தடவை மின்சார ரயிலில் போய் வந்தேன். மூன்றாம் தடவை அதைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

சகுந்தலா அக்கா அப்போதே அங்கே கவுண்டரில் இருந்தார். திருக்கழுக்குன்றத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ். வாடிக்கையாளர் பேர், விலாசம் சொல்லச் சொல்ல, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே விரல்கள் பாட்டுக்குத் தட்டும். எனக்கு அவர் வைத்த பெயர் வாத்தியார். மரியாதைக்கு இல்லை, கிண்டலுக்கு.

கம்ப்யூட்டருக்கு வந்த சந்தேகம்

கறுப்புத் திரையில் கட்டளை தட்டி வேலை வாங்குகிற இடத்துக்கு ஷெல் என்று பேர். அந்தக் கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்தால் அது ஸ்கிரிப்ட். அதில் ‘செலக்ட்’ என்று ஒரு கட்டளை உண்டு. ஒரு பட்டியலைக் கொடுத்தால் போதும், அதுவே ஒன்று, இரண்டு என்று எண் போட்டுத் திரையில் காட்டும். எண்ணைத் தட்டினால் அந்த ஊரை எடுத்துக் கொடுக்கும். வெறுமனே எண்டரை அழுத்தினால் பட்டியலை மறுபடி சொல்லும். இல்லாத எண்ணைத் தட்டினால் கோபித்துக்கொள்ளாமல் திரும்பக் கேட்கும். இரண்டு வரி எழுதினால் ஒரு மெனு! அந்த நாளில் எனக்கு அது மந்திரமாகத் தெரிந்தது.

ஒரே குறை, பட்டியலுக்குக் கீழே அது ‘#?’ என்று கேட்கும். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, மூட்டை தூக்குகிற ஏழுமலை சொன்னான்: “இன்னா வாத்தியாரே, கம்ப்யூட்டருக்கே டவுட்டு வந்துட்ச்சா? கேள்விக்குறி போட்டுகினு நிக்கிது!”

அந்தக் கேள்வியை மாற்ற ஒரு வழி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு கையேட்டில் ஒரு மூலையில் கண்டுபிடித்து, ஆங்கில எழுத்தில் ‘எந்த ஊர்?’ என்று போட்டேன். திரையில் தமிழ் வராத காலம். ஏழுமலைக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது. “கேள்வி நீளமாயிட்ச்சி, டவுட்டு ஜாஸ்தியாயிட்ச்சி” என்றான்.

ஊர் வரிசையை பாய் வாயால் சொல்ல, அப்படியே அடித்தேன். லாரி போகிற வழியும் இல்லை, எழுத்து வரிசையும் இல்லை. அவருக்கு நினைவு வந்த வரிசை. அதில் சதுரங்கப்பட்டினம் ஒன்பது.

ஒரு மாதத்தில் சகுந்தலா அக்கா அந்த மெனுவைக் கரைத்துக் குடித்துவிட்டார். “சதுரங்கப்பட்டினம்” என்று ஆள் வாய் திறக்கும்போதே ஒன்பது, எண்டர். ஏழுமலை தராசிலிருந்து எடையைக் கத்துவான், அதையும் தட்டுவார். பிரிண்டர் கர்ர்ரென்று சீட்டைத் துப்பும். கிழித்து ஏழுமலையிடம் கொடுப்பார், அவன் பசை தடவி ஒட்டுவான். லாரியில் ஏற்றுகிறவர் சீட்டைப் பார்த்து ஏற்றுவார். மூன்று வருடம் இப்படியே ஓடியது.

இட்லி, பொங்கல், வடை

இந்த இடத்தில் கொஞ்சம் வழிமாறிப் போகிறேன்.

அந்த நாளில் நான் காலை நாஸ்தா சாப்பிடுகிற ஹோட்டலில் ஒரு சர்வர் இருந்தார். மேஜையில் இலை விழுவதற்குள் “இட்லி பொங்கல் வடை பூரி தோசை நெய்ரோஸ்ட் ஊத்தப்பம்” என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பார். எல்லாம் தெரிந்தும் ஜனங்கள் “என்ன இருக்கு?” என்று கேட்பார்கள். அவரும் அலுக்காமல் சொல்வார். கடைசியில் எல்லாரும் வாங்குவது இட்லிதான்.

பிறகு அந்த ஹோட்டலில் சுவரில் பலகை மாட்டினார்கள். எழுதிப் போட்டாயிற்று, இனிமேல் யாரும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தார்கள். பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டே கேட்டார்கள். எனக்கு ஆச்சரியமாக இருக்கும். கண் எதிரே இருப்பதை ஏன் காதால் கேட்கிறார்கள்? மனிதர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்கிற குறுகுறுப்பு எனக்கு அங்கே தொற்றியது. இன்றைக்கும் விடவில்லை.

இப்போதெல்லாம் இரண்டு எழுத்து தட்டினால் ஆயிரம் வரிப் பட்டியல் ஏழு வரியாகச் சுருங்குகிற கருவிகள் வந்துவிட்டன. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருக்கும். பார்க்க முடிந்தவர்களுக்கு.

பெட்டிக்குள் பெட்டி

சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைக்கு வருகிறேன்.

புத்தாயிரம் பிறந்த புதிதில் ‘டயலாக்’ என்கிற கருவி என் கையில் கிடைத்தது. அதுவும் ஷெல் ஸ்கிரிப்டில் மெனு போடத்தான். ஆனால் இது வெறும் எண் வரிசை இல்லை. திரை நடுவில் கோடு போட்ட பெட்டி, பெட்டிக்கு நிழல், உள்ளே பட்டியல். ஒரு பளிச்சென்ற பட்டை ஒவ்வொரு ஊராக இறங்கும். அம்புக்குறிச் சாவியால் பட்டையை நகர்த்தி, வேண்டிய ஊரில் நிறுத்தி, எண்டர்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. எண்களைத் தூக்கி எறிந்தேன். அசிங்கமாக இருக்கிறதாம். ஊர்களை ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கினேன். அச்சிறுபாக்கம் முதலில், வேடந்தாங்கல் கடைசியில். சதுரங்கப்பட்டினம் ஆங்கிலத்தில் சத்ராஸ் என்பதால் பத்தாவது இடத்துக்குப் போனது. பழைய ஸ்கிரிப்டை அழித்தேன். இனிமேல் அது யாருக்கு?

முதல் நாள் கவுண்டர் டெர்மினலில் ஒரு கூத்து. பெட்டியின் கோடுகள் வரவேண்டிய இடத்திலெல்லாம் ‘q’ என்றும் ‘x’ என்றும் எழுத்துகளாகக் கொட்டின. பழைய டெர்மினலுக்குக் கோடு போடும் பாஷை புரியவில்லை. ஏழுமலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் அவமானத்தில் நின்றபோது சகுந்தலா அக்கா மட்டும் திரையைப் பார்த்தவாறே சொன்னார்: “ஏன்டா சிரிக்கிற? நல்லாத்தான கீது.”

எவ்வளவு நல்ல மனசு என்று உருகிப்போனேன். அட முட்டாளே!

அதைச் சரி செய்ய மூன்று நாள் ஆனது. சரியானதும் அக்கா கேட்டார்: “வாத்தியாரே, ஊரெல்லாம் இன்னா வரிசைல போட்டுகீற? ஒருதபா படி.” படித்தேன். உதடுகளை அசைத்தபடி கேட்டுக்கொண்டார். “இன்னொருதபா.” படித்தேன். அவ்வளவுதான். முதல் வாரம் ஒரு தப்பும் இல்லை.

உள்ளறைத் திரை கலர். அங்கே பெட்டி நீல நிறத்தில் மின்னும். பாய்க்குப் பெருமை தாங்கவில்லை. வருகிற வியாபாரிகளையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அந்த உற்சாகத்தில் நான் இன்னொரு வித்தையும் சேர்த்தேன். ஒரே ஆள் இரண்டு மூன்று பெட்டி போட்டால், பெரும்பாலும் ஒரே ஊருக்குத்தானே? அதனால் இரண்டாவது பெட்டிக்கு மெனு திறக்கும்போது, முதல் பெட்டியின் ஊரிலேயே பட்டை நிற்கும். வெறும் எண்டரைத் தட்டினால் போதும். பாயிடம் சொன்னேன், முதுகில் தட்டிக் கொடுத்தார். கவுண்டரில் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை. திரையைப் பார்த்தாலே தெரிகிற விஷயம்தானே!

அதற்குப் பிறகு பத்து நாளில் நாலு பெட்டி.

நாலு படி

சாயங்காலம் நாலு மணிக்கு அக்கா பஸ்ஸுக்குப் போனதும் அந்த நாற்காலியில் பாயே உட்காருவார். அவர் போட்ட பெட்டி ஒன்றுகூட மாறவில்லை. “நான் பண்றேன், எனக்கு மாறலியே தம்பி?” என்று அவர் என்னைக் கேட்டதில் நியாயம் இருந்தது.

எனக்கோ குறுகுறுப்பு. மாறிய நாலு சீட்டையும் எடுத்து மேஜையில் பரப்பினேன். சதுரங்கப்பட்டினத்து உதிரிப் பாகம் வேடந்தாங்கலுக்கு. திருக்கழுக்குன்றத்துப் பாத்திரக் கட்டு வேடந்தாங்கலுக்கு. உத்திரமேரூர் நோட்டுப் புத்தகம், அதுவும் வேடந்தாங்கலுக்கு. எல்லாப் பெட்டியும் ஏன் வேடந்தாங்கலுக்கே போகிறது? அக்காவுக்கு அந்த ஊர்மேல் அப்படி என்ன ஆசை?

மிச்சமிருந்த ஒரு சீட்டுதான் கதவைத் திறந்தது. காஞ்சிபுரம் போகவேண்டிய துணி மூட்டை மறைமலை நகருக்குப் போயிருந்தது.

பட்டியலில் விரலை வைத்தேன். காஞ்சிபுரம் ஐந்தாவது. மேலேயிருந்து நாலு படி இறங்கவேண்டும். மறைமலை நகர் ஒன்பதாவது. காஞ்சிபுரத்திலிருந்து இன்னும் நாலு படி.

நாலு சீட்டுமே ஒரே ஆள் போட்ட இரண்டாவது பெட்டி. முதல் பெட்டி எல்லாமே சரியாகப் போயிருந்தது. அதாவது, அக்கா இரண்டாவது பெட்டிக்கும் முதல் வரியில் பட்டை நிற்பதாக நினைத்து, மேலேயிருந்து எண்ணுகிற மாதிரி எண்ணி இறக்கியிருக்கிறார். சதுரங்கப்பட்டினத்துக்கு ஒன்பது படி. அங்கிருந்தே இன்னும் ஒன்பது படி இறக்கினால் பட்டியலே முடிந்துபோகும். பட்டை கடைசி ஊரில் முட்டிக்கொண்டு நிற்கும். கடைசி ஊர் வேடந்தாங்கல்.

துள்ளிக் குதித்தேன். கண்டுபிடித்துவிட்டேன் என்கிற சந்தோஷம் ஒரு நிமிஷம் இருந்திருக்கும். அப்புறம்தான் அடுத்த கேள்வி வந்தது. பட்டை எங்கே நிற்கிறது என்று திரையில் பளிச்சென்று தெரிகிறதே. பிறகு ஏன் எண்ணுகிறார்?

கறுப்புத் திரை

நான் அடுத்துச் செய்தது நல்ல காரியம் இல்லை.

அந்த டெர்மினலுக்குப் பின்புறம் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு உண்டு. வெள்ளிக்கிழமை மத்தியானம். பாய் தொழுகைக்குப் போயிருந்தார். அக்கா கை கழுவப் போன நேரத்தில் அந்தத் திருகை முழுக்கத் திருப்பினேன். திரை அடுப்புக்கரி மாதிரி ஆனது. ஓர் எழுத்துகூட இல்லை.

அக்கா வந்து உட்கார்ந்தார். மாமல்லபுரத்துக்கு ஒரு மூட்டையோடு ஓர் ஆள் வந்தார். பேர், விலாசம் தட்டினார். அம்புக்குறியை ஏழு தடவை, டக் டக் டக் என்று. எண்டர். ஏழுமலை எடையைக் கத்தினான். பிரிண்டர் ஓடியது. சீட்டை எட்டிப் பார்த்தேன். மாமல்லபுரம். ஒரு புள்ளி பிசகவில்லை.

பின்னால் போய்த் திருகை மெல்லத் திருப்பினேன். அது ‘க்ளிக்’ என்றது. அக்காவின் விரல்கள் அப்படியே நின்றன.

“இன்னா பண்ண நீ இப்போ?”

நான் உண்மையைச் சொன்னேன். ஏழுமலை லாரிப் பக்கம் போகும்வரை காத்திருந்தார்.

“எனக்கு நடுவுல மட்டும் கொஞ்சூண்டு தெரியும்” என்றார் மெதுவாக. “கொழா வழியா பாக்குற மாதிரி. அதுவும் கலங்கலா. நரம்பு காஞ்சிகினே வருதாம், மருந்து இல்லன்னு டாக்டரு சொல்லிட்டாரு. கம்ப்யூட்டரு வந்தப்போ இங்க எல்லாரும் வேல போச்சுன்னு பொலம்புனானுங்க. நா மட்டும் மலையேறிப் போயி தேங்கா ஒடச்சேன். எழுத்தப் படிக்க வேணாம், நம்பரு போதும். மூணு வருஷம் ராணி மாதிரி இருந்தேன் தம்பி. நீ வந்து பெட்டி போட்ட.”

“முதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா?”

“சொன்னா? ஐயோ பாவம்னு ஒரு பிரியாணிப் பொட்டலம் கட்டிக் குடுத்து வூட்டுக்கு அனுப்புவாரு பாய். நல்ல மனுஷன், அதான் பயமே. எம் பொண்ணு ப்ளஸ் டூ படிச்சிகினு கீறா. வூட்டுல சம்பாதிக்கிறது நா ஒருத்திதான். இந்தச் சீட்டு போச்சின்னா எனக்கு எவன் சீட்டு குடுப்பான்?”

அவர் அழவில்லை. நான்தான் மூக்கை உறிஞ்சினேன். “பொம்பள மாதிரி அழாத. எனக்கு நம்பர குடு, போதும்” என்றார்.

சனிக்கிழமை

மறுநாள் காலையில் பாயிடம் போனேன். தப்பு என்னுடையதுதான், பட்டையை இடம் மாற்றி நிறுத்திய என் வித்தைதான் காரணம் என்று விளக்கினேன். கண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை. பழைய எண் மெனுவையே கவுண்டரில் போட்டுவிடலாம் என்றேன்.

பாய் புருவத்தைச் சுருக்கினார். “எதுக்கு தம்பி? அழகா இருக்கு. நானும் அதுலதான் அடிக்கிறேன். பட்டை எங்க நிக்குதுன்னு பாத்து அடிச்சா முடிஞ்சிது.”

“இல்ல பாய்… அந்த டெர்மினல் பழசு. பட்டை சரியாத் தெரியாது.”

என் வாழ்க்கையில் இதைவிட மட்டமான பொய் சொன்னதில்லை. பாய் எழுந்து நேராகக் கவுண்டருக்கு வந்தார். அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார். பட்டை கார் விளக்கு மாதிரி ஜொலித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்தார். நான் பிரிண்டரைப் பார்த்தேன்.

அக்கா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

“அந்தப் பையன் எனக்காகப் பொய் சொல்றான் பாய். டெர்மினல் நல்லாத்தான் கீது. எனக்குத்தான் கண்ணு தெரியில. இன்னிக்கு நேத்து இல்ல, நாலஞ்சு வருஷமா. நம்பரு இருந்தா நா உக்காந்து வேல செய்வேன், ஒரு பெட்டி மாறாது. நம்பரு இல்லன்னா இப்பவே பையை எடுத்துகினு போறேன். நீங்களே சொல்லிடுங்க.”

ஏழுமலை பசைத் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டான். பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவி மறுபடி மாட்டிக்கொண்டார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிரியாணிப் பொட்டலம் வரப்போகிறது என்று பயந்தேன்.

அவர் அக்காவை விட்டு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, உனக்குக் கண்ணு நல்லாத் தெரியுமில்ல?”

“தெரியும் பாய்.”

“மூணு வருஷமா பக்கத்துலயே இருந்திருக்க. நானும்தான் இருந்திருக்கேன். நம்பரப் போடு. போயி வேலயப் பாரு.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நம்பரைப் போட உட்கார்ந்தால் பழைய ஸ்கிரிப்ட் இல்லை. நான்தான் பெருமையில் அழித்துவிட்டேனே. எந்த ஊர் எத்தனையாவது என்று எனக்கு இரண்டுகூட உருப்படியாக ஞாபகம் இல்லை. அக்கா பக்கத்து ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார்.

“அடி” என்றார். “ஒண்ணு திருக்கழுக்குன்றம். ரெண்டு மாமல்லபுரம். மூணு கோவளம். நாலு திருப்போரூர். அஞ்சு கூடுவாஞ்சேரி. ஆறு மறைமலை நகர். ஏழு காஞ்சிபுரம். எட்டு உத்திரமேரூர். ஒம்போது சதுரங்கப்பட்டினம்…”

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். பதினாலாவதாகச் செய்யூர் வந்ததும் நிறுத்தினார். “புதுசா ஊர் வந்திச்சின்னா கடைசிலதான் போடணும். நடுவுல சொருவுன, கைய ஒடிச்சிடுவேன்” என்றார். சரி என்றேன். அந்தச் சத்தியத்தை மட்டும் நான் மீறவே இல்லை.

ஓடவிட்டேன். பச்சை எழுத்தில் பதினாலு வரி, கீழே ‘எந்த ஊர்?’. அக்கா தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து ஒன்பதைத் தட்டினார். எண்டர். பிரிண்டர் கர்ர்ரென்று ஓடி நின்றது. அவர் சீட்டைக் கிழித்தார்.

கிழித்ததை வழக்கம்போல ஏழுமலையிடம் நீட்டவில்லை. என் பக்கம் நீட்டினார். இத்தனை வருடத்தில் அந்த ஆபீஸில் அவர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை. ஏழுமலை காது படவே, உள்ளே பாய் காது படவே, உரக்கக் கேட்டார்.

“இன்னா போட்டுகீதுன்னு எனக்குத் தெரியில. படிச்சி சொல்லு.”

“சதுரங்கப்பட்டினம்” என்று படித்தேன்.